உள்ள எத்தன பேரு?

பழைய ஹார்ட் டிஸ்க் ஐந்து முறை தட்டிவிட்டு ஓய்ந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆறு வருஷத்துச் சரக்கு, அதிலும் மூன்று வருஷமாக மூலையில் தூசி தின்றுகொண்டு கிடந்தது, தட்டாமல் என்ன செய்யும். அது ஓய்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே வெகுதூரத்தில் யாரோ அதே மாதிரி ஐந்து முறை தட்டியதுதான் பொன்மணிக்குச் சரியாகப் படவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைகள் எல்லாம் லீவு விட்டுப் பூட்டிக்கிடக்கிற காலம். கரிசல் காட்டுக்கு நடுவே எண்பது ஏக்கரில் விரிந்துகிடந்த அந்த ஆலைக்குள் இன்றைக்கு வந்திருந்தது ஆபீஸ் கம்ப்யூட்டர் பார்க்கும் பொன்மணி ஒருத்திதான். கேட்டில் வாட்ச்மேன் ஊர்க்காவலன் இருந்தார். ஆபீசிலிருந்து கேட் அரை மைல்.

அந்தச் சத்தத்தை அவள் உடனே தெரிந்துகொண்டாள். உள்ளங்கையால் செம்புத் தகட்டில் அறைகிற சத்தம். வெடிமருந்து அறைகள் ஒவ்வொன்றின் வாசல் நிலையிலும் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போவதற்காக, உள்ளே போகிறவர்கள் வெறுங்காலோடு நின்று அதில் கையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். வைக்கச் சொன்னது கம்பெனி. வைப்பது போதாதென்று அறைய ஆரம்பித்தது பெண்கள். அறைந்துவிட்டு வாசலிலேயே நின்று, “உள்ள எத்தன பேரு?” என்று குரல் கொடுப்பார்கள். ஓர் அறைக்கு நாலு பேர்தான், அது சட்டம். மூணு என்று பதில் வந்தால் போகலாம். நாலு என்றால் திரும்பிவிட வேண்டும்.

காற்றில் ஏதாவது கதவு ஆடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

சிவகாசியிலிருந்து சின்ன முதலாளி நேற்று வந்து இரண்டு காரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற லேபிள் டிசைன்களைப் புது டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசர்கள் வருகிற வேளையில் பழசு எதுவும் இருக்கக்கூடாதாம். புது டிஸ்க் சென்னையிலிருந்து வாங்கி வந்தது, சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது. “எஸ்எஸ்டின்னு பேரு. உள்ள சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது. சத்தமே வராது பாத்துக்கோங்க” என்று பெருமையாகச் சொன்னார்.

லேபிள் டிசைன்கள் காலை பத்தரைக்கே ஏறிவிட்டன. அப்புறமும் அவள் உட்கார்ந்திருந்தது சொந்தக் காரியத்துக்காக.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபத்தேழாம் நம்பர் அறை வெடித்ததில் அவளுடைய தங்கச்சி சினேகா போய்விட்டாள். அப்பா அம்மா இல்லாமல் பொன்மணி தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் முகம் இருக்கிற படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. அஞ்சாம் வகுப்பு குரூப் போட்டோவில் மிளகளவுக்கு ஒரு முகம் இருந்தது, அது யாருடையதாகவும் இருக்கலாம். ஆமத்தூர் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் பொன்மணி உலை வைக்கிறாள். ஒரு ஆளுக்கான அளவு கைக்கு வரவே இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். போன மாதம் ஒருநாள் கண்ணை மூடிப் பார்த்தபோது சினேகாவின் மூக்கு எப்படி இருக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெடித்த அன்று காலையில், அடையாள அட்டைக்காக, இதே ஆபீசில், சுவரோரம் கிடக்கிற அதே மர நாற்காலியில் சினேகாவை உட்காரவைத்து வெப்கேமராவில் அவளே படம் எடுத்திருந்தாள். அந்தப் படம் இந்தப் பழைய டிஸ்க்கில் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் கையாலேயே அழிக்கப்பட்டும் விட்டது.

“அழிச்சா அழியாதுக்கா” என்று சொன்னது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தங்கப்பாண்டியன். “உள்ள கண்ணாடி கணக்கா ஒரு தட்டு நிமிசத்துக்கு அஞ்சாயிரத்துச் சொச்சம் சுத்து சுத்தும். அதுக்கு மேல ஒரு ஊசி, தொட்டும் தொடாமலும் மிதக்கும். தட்டுக்கும் ஊசிக்கும் நடுவுல பொகை போகக்கூட எடமிருக்காது. நீங்க அழிக்கச் சொன்னா பட்டியல்ல பேரை மட்டுந்தான் அடிச்சுவிடும். ஆளு அங்கனயேதான் கெடக்கும், வேற ஏதாச்சும் வந்து அது மேல உக்கார்ற வரைக்கும்.” அவன் கொடுத்த சிடியில் அழிந்ததைத் தேடி எடுக்கிற புரோகிராம் இருந்தது. “பழசு மெதுவாத்தான் தரும். துண்டு துண்டா எங்கெங்கயோ கெடக்கும், ஊசி நடந்து நடந்து போயி ஒவ்வொண்ணா எடுத்தாரணும். கெட்டுப்போன எடம் வந்தா தட்டித் தட்டிப் பாக்கும். பொறுமையா விடுங்க. கெடச்சத அதுலயே எழுதிராதீக, வேற டிஸ்க்குல போடுங்க. ஒண்ணு, பேரு திரும்பி வராது. உருவந்தான் வரும்.”

பன்னிரண்டு மணிக்கு டிஸ்க் மறுபடி தட்டியது. ஐந்து. ஓய்ந்தது.

வெளியே ஐந்து. இந்தத் தடவை தட்டோடு ஒரு ரீங்காரமும் வந்தது, ஈயச்சொம்பில் காசு விழுந்த மாதிரி.

அவள் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. பத்தொன்பதாம் நம்பர் அறையின் தகட்டில்தான் ஓர் ஆணி கழன்றிருக்கும். அதை அறைந்தால் மட்டும்தான் அந்த ரீங்காரம். ஒன்பது வருஷமாகக் கேட்ட காது, பிசகாது. அப்படியானால் முன்னால் கேட்டது அதற்கும் அந்தப் பக்கம். காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மின்விசிறிச் சத்தத்தில் அவள்தான் கவனிக்கவில்லை. அறைகள் அந்தக் கோடியில் இருபத்தேழிலிருந்து இந்த ஆபீஸ் வரைக்கும் வரிசையாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. இருபத்தேழில் இப்போது கூரையும் சுவரும் கிடையாது. வாசல் நிலையும் அதில் கறுத்துப்போன தகடும் மட்டும் நிற்கின்றன.

ஊர்க்காவலன் சைக்கிளில் டீ கொண்டுவந்தார். தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, எண்ணெய் இல்லாத தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, உள்ள யாரும் வேல பாக்காகளா?”

“யாரு தாயி பாக்கப்போறா? சாவி பூராம் என் இடுப்புலல்ல கெடக்கு.”

“தகட்டுல தட்டுற சத்தம் கேக்கு.”

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டிஸ்க் மெல்ல முனகிச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு சத்தமில்லை.

“ஒண்ணும் கேக்கலயே. மழை வாரமாரி இருக்கு. வெரசா முடிச்சுட்டுக் கெளம்பு, நாலு மணிக்கு மினிபஸ்ஸு. நான் ஊருக்குள்ள போயி ஒரு வாய் சாப்பிட்டு வந்துருதேன்.”

போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு நா வரை வந்தது. முப்பத்திரண்டு வயசுப் பொம்பளை பட்டப்பகலில் பயப்படுவதா என்று விழுங்கிவிட்டாள். சைக்கிள் சத்தம் தேய்ந்து, கேட் கிரீச்சிட்டு, பூட்டு விழுந்தது. செல்போனை எல்லாரையும் போல அவளும் கேட்டில்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தீப்பொறி பயத்துக்காகப் போட்ட விதி. இப்போது போன் அவருடைய சட்டைப்பையில் சாப்பிடப் போய்விட்டது.

மேகம் இறங்கி வந்து ஜன்னல் கம்பிகளை அடைத்துக்கொண்டது. அறைக்குள் கந்தகத்தின் வாடையும் அலுமினியப் பவுடரின் காரமான நெடியும் எப்போதும் இருப்பதுதான், சுண்ணாம்புச் சுவருக்குள்ளேயே ஊறிப்போன வாசனை. ஆலை மூடி இரண்டு வாரமாகியும் அது இப்போது, யாரோ வேலைச் சேலையோடு வந்து பக்கத்தில் நின்ற மாதிரி, புதுசாக மூக்கில் ஏறியது. சுவரோர நாற்காலியை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காலியாக இருந்தது. பிறகு பார்க்கவில்லை.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. பெயர்கள் இல்லை, நம்பர்தான். ஒன்றைத் திறந்தால் மேலிருந்து கீழே வரிவரியாக, கஞ்சனிடம் காசு வாங்குகிற மாதிரி வந்தது. முதலில் வந்தவர்கள் சினேகாவோடு அதே அறையில் போனவர்கள். முதல் படத்தில் பத்திரகாளி அக்காவின் நரைத்த வகிடு. இரண்டாவதில் இருளம்மாளின் தோடில்லாத காது. மூன்றாவதில் முத்துச்செல்வியின் நெற்றி. நாலாவதில் ஒரு கொத்துக் கனகாம்பரம் தெரிந்ததும் பொன்மணி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அந்தப் பூவைச் சினேகாவுக்கு அன்றைக்கு வைத்துவிட்டது அவள்தான். பூவுக்குக் கீழே வகிடு, நெற்றியில் ஒரு நூலளவு, அத்தோடு டிஸ்க் தட்ட ஆரம்பித்தது.

ஐந்து.

வெளியே ஐந்து. கிட்டத்தில்.

பன்னிரண்டாம் அறை. அங்கே தகடு மெலிசு, தகரம் மாதிரி சத்தம் போடும்.

அப்போதுதான் அவள் ஒரு வித்தியாசத்தைக் கேட்டாள். டிஸ்க்கின் ஐந்து தட்டும் ஒரே மாதிரி. வெளியே அப்படியில்லை. முதல் தட்டு கொசுவை அடிக்கிற கை, பத்திரகாளி அக்கா அப்படித்தான் அறைவாள், திட்டு வாங்குவாள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே நடந்து வருகிற இருளம்மாளும் முத்துச்செல்வியும். நாலாவது விரல் நுனி மட்டும். செம்பு கையில் நாறும் என்று சினேகா உள்ளங்கையை வைக்கவே மாட்டாள்.

பொன்மணியின் கண்ணில் நீர் முட்டியது. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் இருந்தது. மூன்று வருஷமாக எந்தச் சத்தமும் அவளைத் தேடி வந்ததில்லை. வருவது சினேகா என்றால் வரட்டுமே.

ஐந்தாவது யாருடையது என்று மட்டும் அவள் யோசிக்க மறுத்தாள். சின்னக் கை. தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் தட்டுகிற புதுக் கை.

ஐந்தாவது படம் திரையில் நம்பராக வந்து நின்றது.

தேடியது ஒன்று. அழித்தது ஐந்து. கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்று தெரிந்தேதான் வெட்ட உட்கார்ந்தாள்.

வெடித்த அன்றைக்கு ஆலை வேனில் புதுசாக ஒரு பிள்ளை வந்திருந்தது. இருக்கன்குடிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஊர். பதினாறுகூட இருக்காது, நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் தரைக்கு எட்டவில்லை. பெயர் கேட்டுத் தட்டச்சு செய்து படம் எடுத்து, சீசன் அவசரத்தில் எங்கே விடுவது என்று தெரியாமல், பொன்மணியே கையைப் பிடித்து இருபத்தேழுக்குக் கூட்டிப்போனாள். தகட்டில் தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டாள்.

“நாலுக்கா” என்றாள் சினேகா உள்ளேயிருந்து.

“ஒரு ஓரமா உக்காந்துக்கிடட்டும். யாராச்சும் கேட்டா நாலுன்னே சொல்லு.”

பதினொன்றே காலுக்கு வெடித்தது.

சாயங்காலம் ஃபோர்மேன் கண்ணுச்சாமி வந்து, “ரூமுல நாலு பேருதான். அஞ்சாவதா யாரும் வரல, கேட்டியா” என்றார். கேட்டுக்கொண்டாள். ஒரு பெயரை அழிக்கப் போன கை தவறி, அன்றைய படங்கள் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டது. சினேகாவும் அதோடு போனாள். மறுநாள் நாலு வீட்டுக்கு நாலு மூட்டைகள் போயின. அந்த நாலில்தான் ஐந்து பேரும் இருந்தார்கள். அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை. தட்டச்சு செய்த பெயர் என்ன என்று எத்தனையோ ராத்திரி யோசித்துப் பார்த்திருக்கிறாள். விரலுக்கும் நினைவில்லை.

மணி மூன்று இருபது. எட்டாம் அறை.

ஓடிவிடலாம். ஆபீஸ் கதவைத் திறந்தால் கேட்டுக்குப் போகிற பாதை அந்த அறை வரிசையை ஒட்டித்தான் போகிறது. அது மட்டுமில்லை, டிஸ்க்கின் முனகல் இப்போது மாறியிருந்தது. ஊசி தட்டில் உரசுகிற, சிலேட்டில் நகம் கீறுகிற சத்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது செத்துவிடும். செத்தால் கனகாம்பரத்துக்குக் கீழே இருக்கிற முகம் இனி எந்தக் காலத்திலும் இல்லை. அவள் ஐந்தையும் தேர்ந்தெடுத்தாள். நாலைத் தேர்ந்தெடுக்கத்தான் நினைத்தாள், கை ஐந்தையும் எடுத்தது. புது டிஸ்க்கில் சேமிக்கச் சொன்னாள்.

பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. ஐந்து தட்டு. ஏழாம் அறை. மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஐந்து தட்டு. ஆறு. இந்தக் கணக்கில் வந்தால் ஓர் அறைக்குப் பத்து நிமிஷம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் ஊர்க்காவலன் வந்துவிடுவார். பழைய டிஸ்க் மெதுவாக இருப்பதே இப்போது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

கோடு நிரம்பியது. பழைய டிஸ்க் ஒரு நீண்ட கீறலோடு நின்றது. தட்டின் சுற்று குறைந்து, குறைந்து, அடங்கியது.

அமைதி. காலையிலிருந்து முதல்முறையாக, முழு அமைதி.

புது டிஸ்க்கில் சத்தமே இல்லை. ஐந்து படங்களும் அதற்குள் இருந்தன. அவள் சினேகாவின் படத்தை மட்டும் சொடுக்கினாள்.

ஐந்தும் திறந்தன. வரிவரியாக இல்லை. கண் இமைக்கும் முன்னால், ஒரே நேரத்தில், முழுசாக.

அதே கணத்தில் வெளியே ஐந்தாம் அறை, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாத் தகடும் ஒரே மூச்சில். நடுவே நடப்பதற்கு நேரமே இல்லாமல்.

பிறகு ஆபீஸ் கதவு.

ஆபீசும் ஒரு காலத்தில் மருந்து அறையாக இருந்ததுதான். நிலையில் தகடு இன்னும் இருக்கிறது.

கொசுவை அடிக்கிற கை. முட்டிக்கொள்ளும் இரண்டு கைகள். விரல் நுனி.

அவ்வளவுதான். நாலு.

அவள் திரையையே பார்த்தாள். சினேகா அவளைப் பார்த்தாள். மூக்கு. இப்படித்தான் இருந்தது, லேசாக வலப்பக்கம் சாய்ந்து. மறந்தே போயிருந்தாள். வாய்விட்டு அழுதாள்.

“அக்கா” என்றது கதவுக்கு அந்தப் பக்கம். மழையில் நனைந்த, கொஞ்சம் கரகரத்த, அவளுக்கு மட்டுமே சொந்தமான குரல். “உள்ள எத்தன பேரு?”

“நான் ஒருத்திதான் இருக்கேன்” என்றாள் பொன்மணி. “ஒருத்தியாத்தான் கெடக்கேன். வா தாயி.”

கதவு திறக்கவில்லை.

கணக்குச் சரியில்லை என்பதுபோல வெளியே காத்திருந்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். நாலு படங்களில் நாலு முகங்கள். ஐந்தாவது படத்தில் மேல்பாதியில் சுண்ணாம்புச் சுவர், மர நாற்காலியின் முதுகு. அதற்குக் கீழே, டிஸ்க் படிக்க முடியாமல் விட்ட இடமெல்லாம், தட்டையான சாம்பல் நிறம். நாற்காலியில் யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் மர நாற்காலி கிரீச்சிட்டது.

அலுமினிய நெடி.

திரும்பினாள்.

தரைக்கு எட்டாமல் இரண்டு பாதங்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. மடியில் வெள்ளி பூசிய சின்னக் கைகள். எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, நெற்றி, அவளையே பார்க்கிற இரண்டு கண்கள். கண்ணுக்குக் கீழே மூக்கில்லை, வாயில்லை. அங்கிருந்து கழுத்து வரைக்கும், வழுவழுவென்று, தட்டையான சாம்பல்.

அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து, அன்று காலையில் பெயர் சொன்ன அதே கூச்சத்தோடு, ஒரு குரல் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னது.

“ரெண்டு பேரு.”

தாழ்ப்பாள் தானாக மேலே ஏறத் தொடங்கியது.